செம்பி நிற்கும் உயரம்

பிப்ரவரி 4, புதன்

காலையிலேயே அட்டைப்பெட்டி லோடு வந்துவிட்டது. பாதி நனைந்திருந்தது. ஆலைக்காரனைப் போனில் பிடித்து நாலு வார்த்தை கேட்டேன். அவன் தார்ப்பாய் மேல் பழியைப் போட்டான். தார்ப்பாய்க்கு வாய் இல்லை, பிழைத்தான். நனைந்ததைத் தனியாகப் பிரித்து, குடோன் மொட்டைமாடியில் காயப்போட ஏறினேன். ஏறியவள் சீக்கிரம் இறங்கவில்லை.

செம்பிதான் காரணம். போன வருஷத்துக் குஞ்சு, செம்பு நிறப் பெட்டை. நேற்று வரைக்கும் மற்ற இளசுகள் மாதிரி பறக்கிற போதே திடீரென்று வாலின் மேல் உட்காரப் பார்ப்பதும், பின்பக்கமாக ஒரு கரணம் போட்டுவிட்டுத் தடுமாறுவதுமாக இருந்தது. கரணப் புறாக்கள் எல்லாம் அப்படித்தான் பழகும். இன்று கூட்டத்தோடு சுற்றிக்கொண்டே இருந்தது, சிறகை உயர்த்தித் தலையைப் பின்னால் எறிந்தது. அதற்குப் பிறகு புறா இல்லை. செம்பு நிறத்தில் ஓர் உருண்டை. சிறகு எது, வால் எது என்று பிரித்துப் பார்க்க முடியாத வேகம். உருண்டைக்கு நடுவில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது.

தண்ணீர்த்தொட்டி உயரத்துக்கு வந்ததும் பட்டென்று விரித்தது. ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே ஏறிக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது.

என் கையில் நனைந்த அட்டை. அதை எங்கே வைப்பது என்று மறந்து நின்றேன். பெட்டிகள் நல்லபடி காய்ந்தன.

பிப்ரவரி 5, வியாழன்

இன்றும் போட்டாள். நேற்றைவிட நீளம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். புறா வளர்ப்போர் சங்கத்துக்குச் செயலாளர் அவர்தான். படியேறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"என்னக்கா, பொட்டியெல்லாம் மாடிக்கு வந்துடுச்சு. புறாவெல்லாம் கீழ பில் போடுதா?"

"உங்க கடையில கண்ணாடி மட்டும்தானே உடையுது. என் கடையில பொட்டி நனையும். வாங்க, உக்காருங்க."

கூட்டத்தைத் திறந்துவிட்டேன். செம்பி உருண்டாள்.  அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"அக்கா, இது தரைக்குப் போற சரக்கு. இன்னும் ரெண்டு மாசம். ஒருநாள் நிறுத்தத் தெரியாம நேரா வந்து அடிச்சுடும். நான் எத்தனை பார்த்திருக்கேன். இப்பவே கழுத்தைத் திருகிடுங்க. மனசு வரலைன்னா கூண்டுக்குள்ளயே வைங்க. ஜோடி மட்டும் போட்டுடாதீங்க. வம்சமே விழும்."

அடுத்ததாக மேலே கையைக் காட்டினார். மற்றவை எல்லாம் ஓர் உயரத்தில் சுற்ற, அவற்றுக்கு மேலே தனியாக ஒரு சாம்பல் சேவல் சுற்றிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து ஒரு கரணம் போட்டதில்லை. இன்னும் மேலே, இன்னும் மேலே என்று போகும். மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

"அந்த மரக்கட்டையை ஏன் வச்சிருக்கீங்க? கூட்டத்தையே கெடுக்குது."

"அவரு மேனேஜருங்க," என்றார் என் வீட்டுக்காரர், வேனிலிருந்து சரக்கு இறக்கியபடியே கீழேயிருந்து. "வேலை செய்யமாட்டாரு. மேல நின்னு மத்தவங்க செய்யறதைப் பார்ப்பாரு."

மேனேஜரை அன்று மாலையே தனிக்கூண்டில் போட்டுவிட்டேன். செம்பியின் கழுத்தைத் திருகவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஒன்று கவனித்தேன். செம்பி தொடங்கினால்தான் மற்றவை தொடங்குகின்றன. அவள் தலையை எறிந்த அதே கணத்தில் கூட்டம் மொத்தமும் கரணம் போட்டு உடைகிறது. ஒரு பிடி தானிய மணியை எறிந்த மாதிரி. மற்றவை கொஞ்ச தூரத்தில் நின்றுவிடும். அவள் மட்டும் போய்க்கொண்டே இருப்பாள்.

யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அதற்கு என்ன லாபம்? பருந்து துரத்தவில்லை, இரை கிடைக்கவில்லை. பறக்கிற பறவை பறப்பதை நிறுத்திவிட்டு விழுவதில் என்ன இருக்கிறது? லாபம் இல்லாத எதையும் நான் வீட்டுக்குள் சேர்த்தவளில்லை. கடைகளின் பின்வாசலில் வீசிய பெட்டிகளைப் பொறுக்கி விற்று ஆளானவள் நான். இந்தக் குடோனை வாடகைக்கு எடுத்தபோது, முன்பு இருந்தவர் விட்டுப்போன புறாக்களை விரட்டத்தான் கம்போடு ஏறினேன். அப்போது ஒன்று உருண்டது. கம்பைக் கீழே வைத்தேன். அவ்வளவுதான் கதை.

மார்ச் 3, செவ்வாய்

சங்கத்திலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஏப்ரலில் வெளியூர் நடுவர் வருகிறார். ஒவ்வொரு மாடியாக வந்து கூட்டத்தைப் பார்ப்பார். எத்தனை புறா ஒரே நேரத்தில் உருண்டது, எவ்வளவு நீளம், எவ்வளவு வேகம். அவர் கண்ணால் பார்த்ததற்குத்தான் மதிப்பெண். புள்ளியாக மேலே போய்விட்ட கூட்டத்துக்கு ஒன்றும் கிடையாது.

இந்த வருஷம் என் மாடியையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். போன வருஷம் கேட்டதற்கு, "அக்கா, உங்களுக்கு அது பொழுதுபோக்கு" என்றார்கள். பொழுதுபோக்காம். இவர்களுக்கு மட்டும் அது என்ன, உத்தியோகமா?

ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்கு அந்த மதிப்பெண் வேண்டும். என் கூண்டுக் குஞ்சுக்கு ஆட்கள் வரிசையில் நிற்க வேண்டும். இங்கே பேர் எடுத்த கூண்டு எல்லாம் ஆம்பிளை பேரில்தான் இருக்கிறது.

செம்பி இருந்தால் கிடைக்கும். செம்பி இல்லாமல் கிடைக்காது.

மார்ச் 15, ஞாயிறு



தப்பு என்மேல்தான். சரக்குக் கணக்கெடுப்பு என்று நாலைந்து நாள் புறாக்களைத் திறக்கவில்லை. அதோடு, அடைத்து வைத்தால் உருளுவதற்கு ஆசை ஊறும், திறந்ததும் நன்றாக உடையும் என்று எல்லோரும் சொல்கிற வித்தைதானே, நடுவர் வருவதற்குள் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றும் நினைத்தேன். ஊறியது. செம்பிக்கு அளவுக்கு மேல் ஊறிவிட்டது.

இன்று திறந்தேன். ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றவில்லை, எறிந்துவிட்டாள். தொட்டியைத் தாண்டினாள். கைப்பிடிச்சுவரைத் தாண்டினாள். நிற்கவில்லை. சந்துக்குள் மறைந்தாள். சத்தம் கேட்டது — தரையில் அடித்த மாதிரி இல்லை, தொம்மென்று. ஓடி எட்டிப் பார்த்தேன். சந்தில் வேன் நின்றிருந்தது. வேன் மேல் கட்டியிருந்த பெட்டி அடுக்கில் விழுந்திருக்கிறாள். மேல்பெட்டி உள்ளே நசுங்கிக் குழிந்திருந்தது. குழிக்குள் செம்பி, கண்ணை விரித்துக்கொண்டு.

வீட்டுக்காரர் ஏணி போட்டு எடுத்துவந்தார். நெஞ்சு இறகு போயிருக்கிறது. எலும்பு எதுவும் முறியவில்லை.

"ரெண்டு நிமிஷத்துல வண்டியை எடுத்திருப்பேன்," என்றார்.  

மார்ச் 28, சனி

செம்பி கூண்டுக்குள். இறகு முளைக்கிறது. மற்றவை வெளியே பறக்கின்றன. நன்றாகத்தான் பறக்கின்றன. ஒன்று இங்கே உருள்கிறது, ஒன்று அங்கே. தாளம் இல்லாத கைதட்டல் மாதிரி.

அவள் கூண்டுத் தரையில் நின்று கம்பி வழியாக மேலேயே பார்க்கிறாள். கூட்டம் தலைக்கு மேலே வரும்போது கழுத்து பின்னால் போகிறது. சிறகு உயர்கிறது. தரையிலேயே ஒரு கரணம். சுவரில் முட்டிக்கொண்டு எழுந்து நிற்கிறாள். மறுபடி.

பார்க்க முடியவில்லை. கூண்டில் வைத்தால் பிழைப்பாள் என்று கண்ணாடிக்காரர் சொன்னார். இது என்ன பிழைப்பு?

ஏப்ரல் 6, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இறகு முளைத்துவிட்டதால் செம்பியை இன்று திறந்தேன். ஊற விடக்கூடாது என்று, மாடியில் உயரமாகக் கட்டியிருக்கும் வலைக்குள் நேற்றே அவளைப் பறக்கவிட்டுக் களைப்பாக்கி வைத்திருந்தேன். கூட்டம் எழும்பியது. அதற்குள் பின்னால் ஒரு சடசடப்பு. வீட்டுக்காரர் மேனேஜர் கூண்டைக் கழுவிவிட்டுக் கொக்கி போட மறந்துவிட்டார். மேனேஜர் என் தலையை உரசிக்கொண்டு நேரே மேலே போனார்.

"போச்சு," என்றார் வீட்டுக்காரர். "அவர் பின்னாடியே மொத்த ஆபீஸும் போகுது பாரு."

போயிற்று. தொட்டி, எதிர்க்கட்டடம், போன் கோபுரம் எல்லாம் காலடிக்குப் போக, கூட்டம் மிளகு தூவினாற்போல் ஆயிற்று. அங்கேயிருந்து ஒரு மிளகு கழன்றது.

செம்பி என்று நிறத்தை வைத்துத் தெரியவில்லை. இறங்குகிற நீளத்தை வைத்துத்தான் தெரிந்தது. மிளகு கடுகளவு உருண்டையாயிற்று, உருண்டை பெரிதாயிற்று, நிறம் வந்தது, ஓட்டை தெரிந்தது.  இதோ தரை, இதோ தரை என்று மனது கணக்குப் போடுகிறது. போன் கோபுரத்துக்கு மேலேயே நின்றுவிட்டாள்.

நின்றுவிட்டாள். தானாக. விரித்தாள், திரும்பினாள், ஏறினாள்.

மறுபடி ஒன்று. அதே நீளம். அதே மாதிரி காற்றிலேயே நின்றாள். மூன்றாவது தடவையும்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளும் அவளுக்கு நிறுத்தத் தெரியாது என்று நினைத்தோம். அவளுடைய கரணத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது. அது வருவதற்குள் தரை வந்துவிடுகிறது, அவ்வளவுதான். வானத்தை நாங்கள் கொஞ்சமாகக் கொடுத்திருக்கிறோம்.

இந்த நீளத்தில் ஒரு கரணம் முழுசாக முடிவதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்ப்பதற்குள் திருகிவிடுகிறோமே.

ஏப்ரல் 11, சனி

நாளை நடுவர் வருகிறார். கடைக்கணக்கு மாதிரி உட்கார்ந்து யோசித்தேன்.

செம்பியை நிறுத்தி வைத்தால் கூட்டம் சேர்ந்து உடையாது. வருஷா வருஷம் எல்லா மாடியிலும் பார்க்கிற காட்சிதான். செம்பியோடு மேனேஜரையும் விட்டால் அவள் பிழைப்பாள், ஆனால் நடுவருக்குத் தெரிகிற உயரத்தில் ஒன்றும் நடக்காது. மேனேஜர் இல்லாமல் செம்பியை விட்டால் மதிப்பெண் கிடைக்கும். தரையும் பக்கத்தில் இருக்கும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"தினமும் பழக்கித்தானே வச்சிருக்க. ஊற விடலையே," என்றார்.

"விடலை. அடக்கமாத்தான் போடுவா. மழை இல்லாம, காத்து நல்லா இருந்தா கூட்டம் தானாவே கொஞ்சம் ஏறும்."

"காத்து நல்லா இல்லைன்னா?"

"ஒரு புறாதாங்க அது."

"நான் என்ன சொல்லிட்டேன் முதலாளி. காத்தைத்தானே கேட்டேன்."

முடிவு: செம்பி உண்டு, மேனேஜர் கிடையாது. வியாபாரத்தில் பத்துப் பெட்டி அனுப்பினால் ஒன்று உடையும். அதற்காக அனுப்பாமல் இருப்பதில்லை. இப்படித்தான் இன்று வரைக்கும் வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

காற்று இல்லை. புழுக்கம். கந்தல் துணி மாதிரி மேகம் தாழ்ந்து தொங்கியது.

நடுவர் லிஃப்ட் மெக்கானிக்காம். ஒல்லியான ஆள், மடக்கு நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு படியேறினார். கண்ணாடிக்காரரும் சங்கத்து ஆட்கள் சிலரும் கூட வந்தார்கள். மேனேஜர் படிக்கட்டு அறைக்குள் சின்னக் கூண்டில்.

திறந்தேன். கூட்டம் எழும்பியது, சுற்றியது, ஏறவே இல்லை. போன் கோபுரத்துக்குப் பாதிகூட வரவில்லை.

"ஆரம்பிக்கலாமாம்மா? சொன்னீங்கன்னா நேரம் ஓடும். அதுக்கப்புறம் வேற புறா சேர்க்கக் கூடாது."

"ஆரம்பிங்க," என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, எறிந்தாள். அவளோடு கூட்டம் மொத்தமும் உடைந்தது. பக்கத்தில் யாரோ "அம்மாடி" என்றார்கள். நடுவர் பேனா ஓடியது. நான் மற்ற எதையும் பார்க்கவில்லை. தொட்டியைத் தாண்டினாள், கைப்பிடிச்சுவரைத் தாண்டினாள். எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுச் சுவரில் சிறகு உரச, சந்துத் தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் விரித்தாள். சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. மூச்சு வாங்க மேலே ஏறினாள்.

"அக்கா, முதல் உடைப்பே இப்படின்னா," என்று கண்ணாடிக்காரர் என் தோள் பக்கம் வந்தார். "இன்னும் ரெண்டு இதே மாதிரி வந்தா போதும். உங்களை அடிச்சுக்க ஆளில்லை."

கேட்டபோது குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன், உச்சி வரைக்கும் குளிர்ந்தது. இன்னும் ரெண்டு. அவளும் அதற்குள் கூட்டத்துக்கு முன்னால் போய்விட்டாள். கழுத்து கொஞ்சம் தடித்தது. அடுத்ததை எறியப் போகிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

என் கால் படிக்கட்டு அறைக்குப் போய்விட்டது. கொக்கியை எடுத்தேன்.

"அக்கா, என்ன பண்றீங்க. அக்கா, வேணாம்."

மேனேஜர் என் முழங்கையில் சிறகால் அறைந்துவிட்டுப் போனார். கீழே மேலே பார்க்கவில்லை, யாரையும் விசாரிக்கவில்லை. நேரே மேலே. கூட்டம் அவரைப் பார்த்ததும் தயங்கியது. செம்பி தலையை எறியப் போனவள் எறியாமல் பின்னால் சென்றாள்.

நடுவர் பேனாவை மூடினார். "அவ்வளவுதாம்மா. சட்டம் சட்டம்தான்."

"தெரியுங்க."

"தெரிஞ்சுமா திறந்தீங்க?"

"கொஞ்சம் உக்காருங்க. போயிடாதீங்க."

உட்கார்ந்தார். யாரும் போகவில்லை. கூட்டம் போன் கோபுரத்தைத் தாண்டியது. மேகக் கந்தலுக்கு இடையில் நீலம் தெரிகிற பக்கமாக ஏறியது. கழுத்து வலிக்கிறது என்று ஒருவர் சொன்னதும் வீட்டுக்காரர் பெட்டிகளைப் பிரித்துத் தரையில் விரித்தார். ஒவ்வொருவராகப் படுத்தோம். பெரிய மனிதர்கள், சங்கத்துச் செயலாளர், வெளியூர் நடுவர், நான், என் வீட்டுக்காரர், எல்லோரும் பழைய சோப்புக் கம்பெனி அட்டை மேல் மல்லாந்து.

மேகத்தின் ஓரத்தில் கூட்டம் உடைந்தது. மணி சிதறி, சிதறியதெல்லாம் அங்கங்கே நின்றது. ஒன்று மட்டும் வந்தது. வந்தது, வந்தது. சத்தம் கேட்டது — இதற்கு முன் நான் கேட்டதில்லை — துணியைக் கிழிக்கிற மாதிரி மெல்லிய சத்தம். அவளுடைய சிறகு காற்றைக் கிழிக்கிற சத்தம். அந்த உருண்டைக்கு நடுவில் வானம் ஒரு பொட்டாகத் தெரிந்தது. 

நின்றாள்.

நடுவர் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே கேட்டார்: "நின்னுதா?"

"நின்னுதுங்க."

"எங்க?"

"அங்கயேதாங்க. காத்துல."

 "நான் இத்தனை மாடிக்கு லிஃப்ட் மாட்டியிருக்கேன். எந்த மாடியும் இல்லாத இடத்துல இப்படி ஒண்ணு நின்னு பார்த்ததில்லை," என்றார். பிறகு, "இன்னொரு தடவை போடுமா?"

போட்டாள்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வியர்வை என்றார்.

ஏப்ரல் 13, திங்கள்

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. வீட்டுக்காரருக்கும் அதேதான். இருவரும் பொம்மை மாதிரி உடம்போடு திரும்பிப் பேசிக்கொண்டோம். கடைக்கு வந்தவர் என்ன சண்டை என்று கேட்டார்.

ஏப்ரல் 16, வியாழன்

சங்கத்து முடிவு வந்தது. என் மாடிக்கு நேராகக் கோடு. முதலிடம் கண்ணாடிக்காரருக்கு. வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். கோடு போட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு ஆலைக்காரனுக்குப் போன் செய்து, தார்ப்பாய் மாற்றாவிட்டால் வேறு ஆலை பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாற்றுகிறானாம்.

கண்ணாடிக்காரர் சாயங்காலம் வந்தார். முதலிடத்தைப் பற்றி அவர் பேசவில்லை.

"அதை ஜோடி போடப் போறீங்களா அக்கா?"

"போட்டாச்சு. மேனேஜரோடதான்."

"மரக்கட்டையோடவா? குஞ்சு ஒண்ணுமே செய்யாமப் போகலாம். இல்லை, ஒண்ணுமில்லாததுல பாதி, நிறுத்தத் தெரியாததுல பாதின்னு வரலாம்."

"அவளுக்கு நிறுத்தத் தெரியும். நீங்களும் படுத்துக்கிட்டுத்தானே பார்த்தீங்க."

தலையாட்டினார். போகும்போது படியில் நின்று, "என்கிட்ட ரெண்டு மூணு அப்படி இருந்துதுக்கா," என்றார். அவற்றை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை. 

மே 3, ஞாயிறு

செம்பி முட்டை இட்டுவிட்டாள். இரண்டு. அடைகாக்கிற வரை பறக்கவிடப் போவதில்லை. பகலில் மேனேஜர் உட்காருகிறார், மற்ற நேரம் அவள். கூட்டம் இருவரும் இல்லாமல் தாழத்தான் பறக்கிறது. ஒன்று இங்கே, ஒன்று அங்கே. பரவாயில்லை, அதுவும் அழகுதான்.

"மேனேஜர் இன்னைக்கு லீவா?" என்றார் வீட்டுக்காரர்.

"வேலைக்கு வந்திருக்காரு. முதல் தடவையா."

மே 10, ஞாயிறு

மதியம் மேனேஜர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து ஒரு முட்டையை எடுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. படிக்கட்டு அறைக் கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு, போன் வெளிச்சத்தின் மேல் வைத்தேன். முட்டை முழுதும் சிவந்து ஒளிர்ந்தது. நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. அதிலிருந்து நாலா பக்கமும் நூல் நூலாக ரத்தம் ஓடியது, மரத்தை மேலேயிருந்து பார்த்த மாதிரி. எத்தனையோ முட்டையை இப்படிப் பார்த்திருக்கிறேன். 

வீட்டுக்காரர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

புள்ளி அசைந்தது.

"கரணமா?" என்றார்.

"சும்மா இருங்க. இந்த வயசுல எல்லாமே இப்படித்தான் அசையும்."

முட்டையைக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று கதவு வரைக்கும் போனேன். திரும்பி வந்து இன்னொரு தடவை வெளிச்சத்தில் வைத்தேன்.